துவிச்சக்கர வண்டியில் ஆற்றோரப் பயணம்

பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் தொலைவிலுள்ள ஊர்களே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. நுவரெலியாவின் குளிரையும் கண்டி வாவியின் அழகையும் காண்பதற்கு நாட்கணக்கில் திட்டமிடுகிறோம். ஆனால் நமது வீட்டு வாசலிலிருந்து மேற்கே மூன்று மைல் தூரத்தில் என்ன இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், "வட்டை இருக்கிறது, வேறென்ன?" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். கல்முனைக் கரையிலே பிறந்து வளர்ந்த பலருக்கு அந்த வயல்வெளிக்கு அப்பாலுள்ள நாடு, சோற்றுத் தட்டின் வழியாக மட்டுமே பழக்கமான நாடு. அந்த நாட்டைக் காண ஏற்ற வாகனம் எது, ஏற்ற வழி எது, ஏற்ற காலம் எது என்பவற்றையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வாகனத்தை முதலிலே சொல்லிவிடுகிறேன். அது துவிச்சக்கர வண்டி. நாம் வீட்டிலும் கடையிலும் சைக்கிள் என்று அழைக்கும் அதே வண்டிதான். 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றபோது, பின்வளவிலே துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் மீண்டும் வீதிக்கு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருள் வந்தது, சைக்கிள்களிற் பல பழைய இடத்துக்கே போய்விட்டன. அவசியத்துக்காக ஏறியதை ஆனந்தத்துக்காகவும் ஏறலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

நமது கரையின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டையிலே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. பல இடங்களில் ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் எல்லையைப் புதியவர் கண்டுகொள்ளவே முடியாது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் பெருந்தெரு இவ்வூர்களின் நடுவே ஓடுகிறது. பேருந்தும் லொறியும் முச்சக்கர வண்டியும் முட்டி மோதும் அத்தெருவிலே சைக்கிளோட்டி இன்பங்காண்பது இயலாத காரியம். ஆயினும், எந்தச் சந்தியிலேனும் மேற்கே திரும்பிப் பத்து நிமிடம் மிதியுங்கள். வீடுகள் முடிந்துவிடும், இரைச்சல் பின்னே தங்கிவிடும், வானம் திடீரென்று அகன்று, தென்னை வரிசை பின்வாங்கி, பச்சை வயல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். இத்தனை சிறிய தூரத்தில் இத்தனை பெரிய மாற்றத்தைத் தரும் நிலம் இலங்கையிற் பல இல்லை.

இவ்வாறு ஆற்றோரத்து அமைதியான பாதைகளிலே சைக்கிளிற் செல்வதை ஒரு கலையாகவே வளர்த்த நாடு பிரான்சு. அங்கே சென் எத்தியென் என்னும் நகரிலே பட்டு வணிகம் செய்த போல் த விவி என்பவர், 1887ஆம் ஆண்டிலே சைக்கிளுக்கென்றே ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். 1853இற் பிறந்து 1930இல் மறைந்த அவர், சைக்கிள் பந்தயத்துக்கு மட்டும் உரியதன்று, நாட்டைப் பார்ப்பதற்கும் உரியது என்று தம் வாழ்நாள் முழுவதும் எழுதிவந்தார். இன்று அந்நாட்டின் மிக நீண்ட ஆறாகிய லுவார் நதியை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளமான சைக்கிள் வழி அமைந்திருக்கிறது. திராட்சைத் தோட்டங்களையும் பழைய அரண்மனைகளையும் கடந்து அட்லாண்டிக் கடல்வரை அது செல்கிறது. அவ்வழியிற் பல பகுதிகள், வெள்ளத்தைத் தடுப்பதற்காக முன்னோர் எழுப்பிய கரைகளின்மேலும், ஆற்றோரத்துப் பழைய கிராமத்துத் தெருக்களிலும் செல்கின்றன. பயணிக்கென்று புதிதாக ஒரு நாட்டை அவர்கள் படைக்கவில்லை. நீருக்காக முன்னமே இருந்த கரையிலே சைக்கிளுக்கும் இடங்கொடுத்தார்கள்.

இதைக் கேட்டதும் நமக்கு ஒன்று தோன்றவேண்டும். நீருக்காக எழுப்பப்பட்ட கரைகள் நம்மிடம் இல்லையா? வாய்க்காற்கரை, குளக்கட்டு, வயல் வீதி, தாம்போதி என்று நம் மேற்குப்புறம் முழுவதும் அவைதாமே இருக்கின்றன! லுவார் நதிக்கரைக்குப் போகப் பணம் வேண்டும், கடவுச்சீட்டு வேண்டும். பட்டிப்பளையாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகக் காற்றடித்த இரண்டு டயரும், ஒரு போத்தல் தண்ணீரும், அதிகாலையில் எழும் மனமும் போதும்.

நமது ஊர்ப்பெயர்களையே ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை, வீரமுனை, பாலமுனை ஆகியவற்றில் வரும் முனை, நீருக்குள் நீண்டு நிற்கும் நிலத்தைக் குறிக்கும் சொல். காரைதீவு என்ற பெயரில் ஒரு தீவு இருக்கிறது. அக்கரைப்பற்று என்ற பெயரில் ஓர் அக்கரை இருக்கிறது. களியோடை என்ற பெயரில் ஓர் ஓடை இருக்கிறது. சம்மாந்துறை என்பது சம்பான்கள் வந்து தங்கிய துறை என்று பெரியோர் சொல்வார்கள். கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே இருக்கும் ஊருக்குத் துறை என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், களப்பு விடை சொல்லும். மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கம்வரை 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. வண்டி வீதிகள் வருமுன்னர் நீரே இங்கு வீதியாக இருந்தது. ஊர்ப்பெயர்கள் அந்தப் பழைய நீர்வழியின் வரைபடம். பெருந்தெருவிலே மோட்டார் வாகனத்திற் செல்பவனுக்கு இப்பெயர்கள் பெயர்ப்பலகைகள் மட்டுமே. சைக்கிளிலே மேற்கே இறங்கிச் செல்பவனுக்கோ ஒவ்வொரு பெயரும் பொருள் தரும். முனையில் ஏறுவதும் ஓடையைக் கடப்பதும் அக்கரையை அடைவதும் அவனுடைய கால்களுக்கே தெரியும்.

இந்நாட்டுக்கு உயிர் கொடுக்கும் ஆறு பட்டிப்பளையாறு. சிங்களத்திலே இதனைக் கல் ஓயா என்பர். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைப்பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவிலே கடலோடு கலக்கிறது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டாகிய 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையிலே பேரணை கட்டும் வேலை தொடங்கிற்று. அவ்வணைக்குப் பின்னே விரிந்து கிடப்பதே சேனாநாயக்க சமுத்திரம். ஏழு லட்சத்து எழுபதினாயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் இந்த நீர்த்தேக்கம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்று. அதன் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் பிரிந்து, கிளைத்து, மீண்டும் கிளைத்து, நமது வட்டைகளின் வரம்புவரை வந்து முடிகின்றன. புதுக் குடியேற்றங்களிலே தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. குடியேற்றங்களுக்கு இலக்கமிட்டார்கள். ஏழாம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி, பதின்மூன்றாம் கொலனி என்று இன்றும் நாம் வழங்கும் பெயர்கள் அக்காலத்தவை. வாய்க்கால் வெட்டியபோது அதன் பக்கத்தே கிறவல் வீதியும் பிறந்தது. நான் சொல்லப்போகும் பாதைகளுக்குத் தாய் அந்த வாய்க்கால்களே.

மூன்று வழிகளை உங்களுக்கு எடுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, கல்முனையிலிருந்து கிட்டங்கி வழி. சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவும் வேளையிலே புறப்படுங்கள். நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு ஆகிய ஊர்களைக் கடந்தால் கிட்டங்கித் தாம்போதி வரும். இருபுறமும் நீரும் புல்லுமாய்ப் பரந்திருக்கும் அவ்விடத்திலே கொக்கும் நாரையும் நீர்க்காகமும் காலைத் தொழிலைத் தொடங்கியிருக்கும். தூண்டிலிடுவோரும் வீச்சுவலைகாரரும் முழங்காலளவு நீரிலே நிற்பர். அப்பால் சவளக்கடை, நாவிதன்வெளி, அண்ணாமலை என்று வயல் சூழ்ந்த கிராமங்கள். அருகே சொறிக்கல்முனையிலே கத்தோலிக்கர் போற்றும் திருச்சிலுவைத் திருத்தலம் இருக்கிறது. இன்னும் மேற்கே சென்றால் மத்தியமுகாமும் கொலனிகளும். நேரம் குறைவாயின் வந்த வழியே திரும்பலாம். காலை உணவுக்கு வீடு வந்து சேரலாம்.

இரண்டாவது, காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழி. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவுச் சந்தியிலே மேற்கே திரும்பினால், சிறிது தூரத்திலேயே வயலின் நடுவே வீதி தாழ்ந்து மாவடிப்பள்ளியை அடையும். பின்னர் சம்மாந்துறை. நெல்லுக்குப் பேர்போன இவ்வூரிலே ஒரு தேநீர் குடித்து இளைப்பாறலாம். காரைதீவிலிருந்து அம்பாறை நகர் ஏறத்தாழ 25 கிலோமீற்றர். மெதுவாக மிதித்தாலும் இரண்டு மணிக்கு மேற் செல்லாது. சமதரையாதலின் மூச்சு வாங்காது. உடலுரமும் ஒரு பகற்பொழுதும் உள்ளவர்கள் அம்பாறையைக் கடந்து மேலும் 20 கிலோமீற்றர் அளவு சென்று இங்கினியாகலை அணையைக் காணலாம். நமது வயலிலே கணுக்காலளவு நிற்கும் தண்ணீர், அங்கே மலைகளுக்கு நடுவே கடல்போல் நிற்பதைக் காண்பது வாழ்நாளில் ஒருமுறையேனும் பெறவேண்டிய காட்சி. அணைக்கு அப்பாலுள்ள காடு 1954ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே சைக்கிளோடு நுழைய எண்ணாதீர்கள். அது யானைக்குரிய நாடு.

மூன்றாவது, தெற்கு வழி. பாலமுனை அல்லது அட்டாளைச்சேனையிலிருந்து மேற்கே திரும்பினால், நெடிய வயல்வெளியைக் கடந்து தீகவாபியை அடையலாம். சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டுவித்ததாகச் சொல்லப்படும் பழம்பெரும் பௌத்த தாதுகோபம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து வரிப்பத்தான்சேனைப் பக்கமாகச் சென்றால் இறக்காமம். இறக்காமத்துக் குளக்கட்டிலே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நீரைப் பார்த்துக்கொண்டிருங்கள். அல்லியும் ஓலாவும் மிதக்க, சிறு தோணிகளிலே மீனவர் வலையிழுக்கும் காட்சி, களைப்பையெல்லாம் போக்கிவிடும்.

இம்மூன்று வழிகளிலும் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் விகாரையும் நம் பாதையில் வருவதைக் கவனித்தீர்களா? மினாராவைப் பின்னே விட்டு, கோபுரத்தைக் கடந்து, சிலுவையைக் கண்டு, தாதுகோபத்தின் நிழலில் இளைப்பாறும் பயணம் இது. இவையனைத்தும் ஓர் ஆற்றின் நீரையே உண்கின்றன. 1956இலே இந்தப் பள்ளத்தாக்கில் நடந்த கலவரத்தையும், பின்னர் 2009வரை நீண்ட போர்க்காலத்தையும் அறிந்தவர்களுக்கு, இப்பாதைகளிலே அச்சமின்றிச் செல்வது எத்தனை பெரிய பேறு என்று நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அந்நாட்களிலே மாலையில் வட்டைக்குப் போனவர் திரும்பி வரும்வரை வீட்டிலே உலை கொதிக்கவில்லை, நெஞ்சுதான் கொதித்தது.

இனி, காலத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். மாரி பிறந்து தை மாதம்வரை இவ்வழிகள் சைக்கிளுக்கு ஏற்றனவல்ல. மாசி, பங்குனி மாதங்கள் மிகச் சிறந்தவை. பெரும்போக வேளாண்மை முற்றிப் பொன்னிறமாக நிற்கும், அறுவடை நடக்கும், புது வைக்கோலின் மணம் பாதையெங்கும் வீசும். பின்னர் சிறுபோகப் பச்சையைக் காணலாம். ஆனி, ஆடி மாதங்களிலே மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். மலையைக் கடந்து வருவதால் ஈரமிழந்து, அனல்போல் வருங்காற்று அது. அக்காலத்திலே ஒரு சிறு தந்திரம் உண்டு. காற்று வலுக்குமுன் விடியற்காலையிலே மேற்கு நோக்கிச் சென்றுவிடவேண்டும். திரும்பும்போது கச்சான் நம் முதுகிலே கைவைத்துக் கடற்கரைவரை தள்ளிக்கொண்டு வரும். இதை மறந்து நண்பகலிலே மேற்கே புறப்பட்டவர், மிதித்த மிதிக்கு வண்டி நகரவில்லையே என்று வருந்துவர்.

எந்தக் காலமாயினும் மஃரிப் பாங்கு சொல்லுமுன் ஊருக்குள் வந்துவிடுங்கள். அம்பாறை மாவட்டத்திலே யானைகள் வயல்வெளிகளுக்கு வருவது அடிக்கடி நிகழ்வது. மோட்டார் வண்டியின் சத்தம் யானைக்கு முன்னறிவிப்பாகும். சைக்கிளுக்குச் சத்தமில்லை. பகலிலே நமக்கு இன்பம் தரும் அந்த அமைதியே, இருளிலே ஆபத்தாகும். வழியிலே உள்ளவர்கள் "ஆனை நிக்குது" என்று சொன்னால், தர்க்கம் செய்யாமல் திரும்பிவிடுவதே அறிவு.

மரியாதை ஒன்றும் உண்டு. பிரான்சிலே ஆற்றோர வழி பயணிகளை எதிர்பார்த்துச் சீரமைக்கப்பட்டது. நமது வயல் வீதியோ உழைப்பாளியின் வீதி. நெல் ஏற்றிய உழவு இயந்திரம் எதிரே வந்தால், இறங்கி ஓரமாக நிற்கவேண்டியவர்கள் நாமே. வரம்பின்மேல் வண்டியை ஏற்றக்கூடாது. வரம்பு உடைந்தால் ஒருவனுடைய ஒரு நாள் உழைப்பு ஓடிப்போகும். வீதியோரத்திலே நெல் காயப் போட்டிருந்தால் சக்கரத்தை அதன்மேல் உருட்டக்கூடாது. மதகுப் பலகையிலே விளையாட்டாகவும் கைவைக்கக்கூடாது. வட்டையிலே நாம் விருந்தினர். விருந்தினர் வீட்டுக்காரரின் ஒழுங்குக்கு அடங்கவேண்டும்.

நேயர்களே, இதுவரை சொன்னது இன்பத்தைப் பற்றியது. இப்பாதைகளிலே சைக்கிளிற் செல்பவன் கற்றுக்கொள்ளும் பாடங்கள் இரண்டு உண்டு.

முதற் பாடம், பகிர்ந்து வாழ்தல். வாய்க்காலின் தலைப்பிலே இருப்பவனுக்கு நீர் முதலிற் கிடைக்கும். கடைமடையிலே இருப்பவனுக்குக் கடைசியிற் கிடைக்கும், அல்லது கிடைக்காமலே போகும். மேற்கே மிதித்துச் செல்லச் செல்ல வாய்க்கால் அகன்றுகொண்டே போவதையும், திரும்பி வர வர ஒடுங்கிக்கொண்டே வருவதையும் கண்ணாலே காணலாம். கடலோரத்து வட்டைகள் பெரும்பாலும் கடைமடைகள். 1980களின் தொடக்கத்திலே இடதுகரைப் பகுதி வாய்க்கால்கள் தூர்ந்து, நீர்ப்பங்கீடு சீர்கெட்டிருந்தது. 1981இலிருந்து அங்கே விவசாயிகளைக் குழுக்களாக ஒன்றுசேர்க்கும் முயற்சி நடந்தது. தலைப்பு விவசாயிகள் தம் கைகளாலேயே வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறைவைத்து நீர் எடுத்து, கீழே உள்ளவர்களுக்கும் நீரை விட்டுக்கொடுத்தார்கள். மேலே சிங்கள விவசாயியும் கீழே தமிழ் பேசும் விவசாயியுமாக இருந்த இடங்களிலும் அது நடந்தது. அதிலே பங்குகொண்ட கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொப், கல்லோயாவிலிருந்து கற்றவை என்று பொருள்படும் தலைப்பிலே 1992இல் ஒரு நூலே எழுதினார். உலகின் பல பாகங்களிலும் நீர்ப்பாசனம் கற்போர் அந்நூலைப் படிக்கிறார்கள். அது எழுதப்பட்ட பள்ளத்தாக்கின் வாசலிலே இருக்கும் நம் பிள்ளைகள் அந்த வாய்க்காலை ஒருமுறையேனும் பார்க்கவேண்டாமா?

இரண்டாம் பாடம் சற்றுக் கடுமையானது. நீர் எங்கிருந்து வருகிறது என்று அறியாதவன், வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அறியான். 2004 டிசம்பர் 26இல் கடல் கிழக்கிலிருந்து வந்து நம்மவர் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. அந்நாளிலே இலங்கையின் மாவட்டங்களுள் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. ஆதலின் ஆபத்து என்றதும் நாம் கடலையே பார்க்கிறோம். ஆனால் நமது ஊர்களுக்கு மேற்கேயும் ஒரு நீர் இருக்கிறது. 2024 நவம்பர் மாத இறுதியிலே பெருமழை கொட்டியபோது, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியிலே வீதியைக் குறுக்கறுத்து ஓடிய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர் பலர் உயிரிழந்தனர். நான் சற்று முன்னர் இரண்டாவது வழி என்று உங்களுக்குச் சொன்ன அதே வீதி அது. மாசி மாதத்திலே அங்கே சைக்கிளிற் போகிறவனுக்கு, இந்த அழகிய பச்சைவெளியா உயிர்களை வாங்கியது என்று நம்ப முடியாதிருக்கும்.

தாம்போதி ஏன் தாழ்வாக இருக்கிறது என்று அங்கே நின்று சிந்திக்கவேண்டும். பள்ளத்தாக்கின் மிகைநீர் முழுவதும் நம் ஊர்களுக்குப் பின்னாலே உள்ள தாழ்நிலத்தில் வந்து இறங்கி, ஒரு பங்கு களியோடைப் பக்கமாகக் கடலுக்கும், ஒரு பங்கு வடக்கே களப்புக்கும் போகிறது. குறுக்கே வீதியை உயர்த்தி, நீர் போகப் போதிய வழிவிடாமற் கட்டினால், வீதியே அணையாகி மேற்கேயுள்ள வயலையும் ஊரையும் மூழ்கடித்துவிடும். அதனாலேதான் நீர் மேலாலே ஓடிச்செல்லும்படி வீதியைத் தாழ்த்தி வைத்தார்கள். ஆகவே தாம்போதி என்பது நீரோடு மனிதன் செய்துகொண்ட உடன்படிக்கை. ஆண்டிலே பல மாதங்கள் வழி நம்முடையது. சில நாட்கள் வழி நீருடையது. அந்தச் சில நாட்களிலே நாம் நின்றுவிடவேண்டும் என்பதே உடன்படிக்கையின் விதி. ஓடுகின்ற நீர் முழங்காலளவே இருந்தாலும் ஆளை வீழ்த்திவிடும். கலங்கிய நீருக்கடியிலே வீதியின் ஓரம் எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. வாகனம் பெரிதாயின் நீருக்கு அதைத் தள்ளும் பரப்பும் பெரிதாகும்.

விதியை மக்கள் அறிந்திருத்தல் மட்டும் போதாது. பொறுப்புள்ளவர்களும் தம் பங்கைச் செய்யவேண்டும். தாம்போதிகளின் இருபுறமும் வீதியோரம் தெரியும்படி உயரமான கம்பங்கள் நாட்டவேண்டும். நீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று காட்டும் அளவுகோல் ஒன்று தூரத்திலேயே தெரியும்படி இருக்கவேண்டும். வெள்ளம் வீதியின் மேலேறிய மணியிலேயே வழியை மறித்து, மறுவழி எது என்று அறிவிக்கவேண்டும். மேலே வான்கதவு திறக்கும் செய்தி, கீழே பள்ளிக்கூடத்துக்கும் மத்ரஸாவுக்கும் உடனே எட்டவேண்டும். அத்துடன், வாய்க்காற்கரையிலே நிழல் தந்து கரையை இறுக்கிப் பிடித்திருக்கும் மருத மரங்களை வெட்டாதிருக்கவேண்டும். தாழ்நிலங்களை மண் கொட்டி நிரப்பி வீடு கட்டுவதை நிறுத்தவேண்டும். நீர் தங்கும் இடத்தை நாம் எடுத்துக்கொண்டால், நாம் தங்கும் இடத்தை நீர் எடுத்துக்கொள்ளும். லுவார் நதியிலே இருப்பதுபோன்ற பாதையும் பெயர்ப்பலகையும் நமக்கு இப்போது வேண்டியதில்லை. இந்தச் சிறு காரியங்கள் நடந்தாலே போதும்.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். விடுமுறையிலே ஒரு நாள், மழையில்லாத மாதத்திலே, பிள்ளைகளை ஆணும் பெண்ணுமாக உங்களோடு இவ்வழிகளிலே அழைத்துச் செல்லுங்கள். எந்த வாய்க்கால் எந்த வட்டைக்குப் போகிறது, எந்த மதகு எப்போது திறக்கும், மாரியிலே தண்ணீர் எந்த மட்டம்வரை ஏறும் என்று அங்கே வேலைசெய்யும் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். புத்தகத்திலே நைல் நதியையும் கங்கையையும் படிக்கும் பிள்ளை, தன் வீட்டு உலையிலே கொதிக்கும் அரிசியின் ஆற்றையும் அறியட்டும். மோட்டார் சைக்கிளின் வேகத்திலே இது முடியாது. காலால் நடந்தால் ஒரு பகலிலே இத்தனை தூரம் எட்டாது. மணிக்கு ஏழெட்டு மைல் செல்லும் சைக்கிளின் வேகமே, கண்டதைக் கேட்கவும் கேட்டதை நினைவிலே வைக்கவும் ஏற்ற வேகம்.

செலவு சிறிது, பயன் பெரிது. சங்கிலிக்குச் சிறிது எண்ணெய் இடுங்கள். பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். ரியூப் ஒட்டுவதற்கு வேண்டியவற்றையும் ஒரு காற்றுப்பம்பையும் கரியரிலே கட்டிக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு தொப்பி, குடிக்க நீர், வழியிலே எருமைத் தயிர் வாங்கினால் கொண்டுவர ஒரு பை. விடிகாலையிலே மேற்கு நோக்கித் திரும்புங்கள். முதற் பறவைக் கூட்டம் வயலிலே இறங்கும்போது நீங்கள் தாம்போதியில் இருக்கவேண்டும்.